அண்ணாவோடு பேசுங்கள்

கொழும்பில் ஓர் அரச அலுவலகத்துக்குள் போகிறவருக்கு அடையாள அட்டைக்கு முன்னால் தேவைப்படுவது காது. வாசலில் நிற்கும் பாதுகாப்பு உத்தியோகத்தர் எங்கே போகிறீர்கள் என்று வாயால் கேட்கிறார். துண்டில் இலக்கம் எழுதித் தருகிறார்கள். ஆனால் அந்த இலக்கத்தை யாரோ ஒருவர் கதவுக்குப் பின்னாலிருந்து கூப்பிடுகிறார். மூன்றாம் கவுண்டர் மூடியாயிற்று, ஐந்துக்குப் போங்கள் என்பது ஒலிபெருக்கியில் வருகிறது. படிவத்தில் பிழை இருந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்தபடியே சொல்லிவிடுகிறார்கள், உதடுகூடத் தெரியாது. காது கேட்காத ஒருவர் அந்த வரிசையில் நின்றால், தன் முறை வந்து போனதை அவர் அறிந்துகொள்வது பக்கத்தில் இருந்தவர் எல்லோரும் எழும்பிப் போன பிறகுதான்.

என் அண்ணாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வயது நாற்பத்தைந்தைத் தொடுகிறது. செட்டியார் தெருவில் ஒரு நகைப் பட்டறையில் கல் பதிக்கிற வேலை. அம்மா, அண்ணா, நான் மூவரும் கொட்டாஞ்சேனையில் இருக்கிறோம். சின்ன வயதில் யாழ்ப்பாணத்துக் கைதடியில், காது கேட்காத பிள்ளைகளும் படிக்கும் நவீல்ட் பாடசாலையில் விடுதியில் இருந்து படித்தார். அண்ணாவுக்கு மொழி கிடைத்தது அங்கேதான். வீட்டில் அதுவரைக்கும் பசி, தண்ணீர், வலி என்று ஒரு கைப்பிடிச் சைகைகள் மட்டும் இருந்தன. விடுமுறையில் வந்தபோது அவர் கதை சொன்னார் என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவா. யாரோடு சண்டை, யார் அழுதது, எந்த ஆசிரியர் நல்லவர் என்று முழுக் கதை. 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு நாங்கள் கொழும்புக்கு வந்தோம். இங்கே அவருக்குக் கிடைத்த சிநேகிதர்கள் இரத்மலானையில் படித்தவர்கள். 1912இல் தொடங்கிய பாடசாலை அது, காது கேட்காதவர்களுக்கென்று நாட்டில் இருப்பவற்றில் பழையது. அவர்களுடைய சைகைகள் பலவும் கைதடிச் சைகைகளிலிருந்து வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் காலிமுகத்திடலில் கூடிக் கூடி அண்ணா அதையும் பிடித்துக்கொண்டார். இப்போது ஆளைப் பார்த்துக் கையை மாற்றுகிறார், நாங்கள் யாழ்ப்பாணத்து ஆளோடு ஒரு மாதிரியும் கொழும்பு ஆளோடு ஒரு மாதிரியும் கதைப்பதைப் போல.

இத்தனை மொழி தெரிந்த மனிதர் கிளினிக்குக்குப் போனால் ஒரு மொழியும் இல்லாதவராகி விடுகிறார்.

அண்ணாவுக்குச் சிறுநீரகத்தில் கல். ஓர் அரச மருத்துவமனையில் காட்டுகிறோம். டொக்டர் கெட்டிக்காரர், பொறுமையானவரும்கூட. ஆனால் அவர் பார்ப்பது என்னை. "இவருக்கு எப்ப இருந்து நோகுது?" என்று என்னிடம் கேட்பார். நோகிறவர் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார். நான் திரும்பிச் சைகையில் கேட்டு, அண்ணா சொல்லத் தொடங்கும்போதே அடுத்த கேள்வி வந்துவிடும். வெளியே வரிசை நீளம், அவரைக் குறை சொல்ல முடியாது. ஸ்கேன் அறையில் என்னை உள்ளே விடமாட்டார்கள். மூச்சைப் பிடியுங்கள், விடுங்கள் என்பதை அங்கே அண்ணாவுக்கு யார் சொல்வது? கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பதோ ஆங்கிலம்.

இவையெல்லாம்கூடப் பரவாயில்லை. சிறுநீர் போகும்போது எரிகிறதா, இரத்தம் போகிறதா என்ற கேள்விகளுக்குப் பின்னால் இன்னும் அந்தரங்கமான கேள்விகள் வரும். ஓர் ஆண் தன் டொக்டரிடம் தனியே சொல்ல வேண்டியவை அவை. தங்கச்சியின் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூடியவை அல்ல. அண்ணா சிலவற்றுக்கு இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். அது உண்மையிலேயே இல்லையா, அல்லது நான் இருந்ததால் வந்த இல்லையா என்று எனக்குத் தெரியாது. டொக்டருக்கும் தெரியாது. மருந்து அதை நம்பித்தான் எழுதப்பட்டது.

பிறகு கல்லை எடுப்பதற்குச் சம்மதக் கையெழுத்துக் கேட்டார்கள். தாளை அண்ணாவிடம் நீட்டிவிட்டு, "நீங்க விளங்கப்படுத்திட்டீங்கதானே?" என்று மிஸ் என்னிடம் கேட்டா. நான் ஒரு வங்கியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறவள். சத்திரசிகிச்சையின் ஆபத்துகளை எனக்கே யாரும் விளங்கப்படுத்தவில்லை.

இந்த நாட்டில் காது கேட்காதவருக்கு மொழிபெயர்ப்பாளர் என்றால் வீட்டிலிருந்து வருகிற ஆள். தங்கச்சி, அம்மா, சில வீடுகளில் எட்டு வயதுப் பிள்ளை. காது கேட்காத தாய் தகப்பனுக்குக் காது கேட்கிற பிள்ளை பிறந்தால், அது பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அம்மாவோடு பொலிசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறது. தாய்க்கு வந்த நோயின் பெயரை முதலில் கேட்பது அந்தப் பிள்ளை. இதைப் பாசம் என்றும் குடும்பப் பொறுப்பு என்றும் எல்லோரும் மெச்சுகிறார்கள். எனக்கு அந்த மெச்சுதல் வேண்டாம். அண்ணாவுக்கு நான் தங்கச்சியாக இருக்க வேண்டும். கிளினிக்குக்கு அவரோடு போய் வெளியே வாங்கில் இருக்க வேண்டும். உள்ளே அவருக்கும் டொக்டருக்கும் நடுவில், அதற்கென்றே பயின்ற, கேட்டதை வெளியே சொல்லாத, அதற்குச் சம்பளம் வாங்குகிற ஒருவர் நிற்க வேண்டும். அது அந்த நிறுவனத்தின் வேலை.

இது என் ஆசை மட்டும் அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தில் இலங்கை 2007இல் கையெழுத்திட்டு, 2016இல் அதை ஏற்புறுதி செய்தது. அதன் 9ஆம் உறுப்புரையில், பொதுமக்கள் வந்து போகும் இடங்களில் தொழில்முறைச் சைகைமொழி உரைபெயர்ப்பாளர்கள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. 21ஆம் உறுப்புரை, அரசாங்கத்தோடு நடக்கும் கருமங்களில் சைகைமொழியை ஏற்று இடம் கொடுக்கச் சொல்கிறது. அதற்கு எத்தனையோ காலம் முன்னரே, 1996இல், மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க 28ஆம் இலக்கச் சட்டமாக நமக்கென்று ஓர் உள்நாட்டுச் சட்டமும் வந்துவிட்டது. தாளில் அண்ணா குறைவில்லாத பிரசை.

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் கேட்பதில் சிரமம் உள்ளவர்கள் என்று பதிவானவர்கள் ஏறத்தாழ 389,000 பேர். முதுமையில் காது மந்தமானவர்களும் அதில் அடக்கம், எல்லோரும் சைகையில் பேசுகிறவர்கள் அல்ல. ஆனால் மாஸ்க் போட்ட உத்தியோகத்தர் ஒருவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து முணுமுணுக்கும்போது அத்தனை பேருக்கும் அது ஒரே மதில்தான்.

தமிழ் பேசுகிற நாங்கள் அதிகம் பேசாத ஒரு பக்கமும் இதில் இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு முன்னால் ஒரு நடமாடும் சேவைக்குப் போயிருந்தோம். அண்ணாவின் பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயர் பிழையாக இருந்தது, அதைத் திருத்த வேண்டும். சைகைமொழி உரைபெயர்ப்பாளர் ஒருவரும் வந்திருக்கிறார் என்று சொன்னார்கள். அண்ணா முகம் மலர்ந்து போனார். நானும்தான். அந்த மிஸ் அருமையான ஆள், அண்ணாவோடு கை வேகமாக ஓடியது. ஆனால் அவவுக்குத் தெரிந்தது சிங்களம். எங்கள் பத்திரங்கள் தமிழில். கவுண்டரில் இருந்த சேர் தமிழ் பேசுகிறவர், சிங்களமும் அளவாகத்தான். கடைசியில் நடந்தது இது: சேர் தமிழில் கேட்டார், நான் அதைச் சிங்களத்தில் மிஸ்ஸிடம் சொன்னேன், மிஸ் அண்ணாவுக்குச் சைகையில் சொன்னா. பதில் அதே வழியால் திரும்பி வந்தது. திகதி, இலக்கம் எல்லாம் ஓடின. பெயர்களில் நின்றுவிட்டது. அண்ணா அம்மாவின் பெயரையும் கோப்பாய் என்ற ஊர்ப் பெயரையும் தமிழ் எழுத்துகளை விரலால் காட்டி எழுதினார். மிஸ்ஸுக்குத் தெரிந்தது சிங்கள எழுத்துக்கான விரல்கள். திருத்த வந்ததே ஒரு பெயரைத்தான்.

உத்தியோகபூர்வ மொழிகளில் தமிழும் ஒன்று. தமிழில் சேவை பெற எனக்கு உரிமை இருக்கிறது, அது சரியாக நடக்கவில்லை என்று நாங்கள் பத்திரிகையில் எழுதுகிறோம், முறைப்பாடு செய்கிறோம். சைகைமொழி பற்றிப் பேசுகிறவர்கள் சைகைமொழி வேண்டும் என்கிறார்கள், அதுவும் நியாயம். ஆனால் தமிழ்ச் சூழலில் வளர்ந்த, தமிழ் எழுத்தை மட்டும் அறிந்த, காது கேட்காத ஒருவர் இந்த இரண்டு கோரிக்கைக்கும் நடுவே விழுந்துவிடுகிறார். தமிழ் தெரிந்த சைகைமொழி உரைபெயர்ப்பாளர் என்று தனியாக எண்ணிக் கேட்டால் ஒழிய, கொழும்பில் அவர் வந்து சேரமாட்டார். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் கிராண்ட்பாஸிலும் தமிழ் பேசும் குடும்பங்களில் இப்படி இருக்கிறவர்கள் எனக்கே பலரைத் தெரியும்.

"எழுதிக் கொடுங்க, வாசிப்பார்தானே" என்று சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நாங்கள் தமிழை எழுதப் பழகும் முன் ஐந்து வருடம் காதால் கேட்டிருக்கிறோம். அண்ணா ஒரு நாளும் கேட்காத மொழியைத் தாளில் மட்டும் பார்த்துப் படித்தவர். சைகைமொழிக்கு அதற்கென்று ஓர் இலக்கணம் உண்டு. புருவம் உயர்ந்தால் அது கேள்வி, ஆளைச் சுட்டிய இடம்தான் எழுவாய், கை நகரும் திசையே யார் யாருக்குக் கொடுத்தார் என்று சொல்லிவிடும். வேற்றுமை உருபுகளுக்கு அங்கே வேலை இல்லை. அதனால்தான் அண்ணா எழுதுகிற தமிழில் 'க்கு'வும் 'ஆல்'லும் விழுந்துவிடும். 'நாளை நான் கடை போ மருந்து அம்மா' என்று வட்ஸ்அப் வரும், எங்களுக்கு விளங்கும். அதைப் பார்க்கிற உத்தியோகத்தர் இவருக்குப் புத்தி குறைவு என்று முடிவு கட்டிவிடுவார். அந்தப் பார்வையை நான் எத்தனையோ முகங்களில் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு முறையும் நெஞ்சு எரியும். 'மேற்படி விண்ணப்பதாரியின் கோரிக்கையை உறுதிப்படுத்தும் வகையில்' என்று தொடங்கும் அரச கடிதத் தமிழ் எனக்கே இரண்டு தரம் வாசித்தால்தான் பிடிபடுகிறது.

செட்டியார் தெருப் பட்டறையில் இந்தப் பிரச்சினை ஒன்றும் இல்லை. அண்ணா வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளிக்கு ஒரு சைகையும் தெரியாது. இன்றைக்கு அங்கே எல்லோருக்கும் தெரியும். பவுண், கிராம், கல் சின்னது, நாளைக்குக் கொடுக்க வேண்டும், வாடிக்கையாளர் கோபமாக இருக்கிறார் என்று எல்லாவற்றுக்கும் கை இருக்கிறது. தேத்தண்ணி கொண்டு வருகிற பெடியன் வாசலில் நின்றே லைட்டை இரண்டு தரம் அணைத்துப் போட்டுவிட்டு, சீனி போட்டதா போடாததா என்று கேட்கிறான். யாரும் அவர்களுக்கு வகுப்பு எடுக்கவில்லை. அண்ணாவோடு வேலை செய்ய வேண்டியிருந்தது, பழகிக்கொண்டார்கள். கவுண்டரில் இருக்கிற ஒருவருக்கு வணக்கம், பெயர், இலக்கம், இருங்கள், நாளைக்கு வாருங்கள், கையெழுத்து என்று அன்றாடம் வருகிற சைகைகளைச் சொல்லிக்கொடுக்க நீண்ட காலம் பிடிக்காது. சொல்லிக்கொடுக்கக் காது கேட்காதவர்களையே கூலி கொடுத்துக் கூப்பிடலாம், அவர்களை விட அதைத் தெரிந்தவர் யார்? இலக்கத்தைக் கூப்பிடுவதோடு ஒரு திரையிலும் காட்டலாம். வங்கிகளில் அது எப்போதோ வந்துவிட்டது.

அவசரம் என்று வந்தால்தான் எனக்கு உண்மையிலேயே பயம். பொலிசுக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990, தீயணைப்புக்கு 110, அனர்த்தம் என்றால் 117. எல்லாமே ஒரு மனிதர் வாயால் பேசுவார் என்று நினைத்து அமைத்த இலக்கங்கள். நான் வேலைக்குப் போன நேரத்தில் அம்மா விழுந்தால் அண்ணா என்ன செய்வார் என்று யோசித்து, பக்கத்து வீட்டு அன்ரியோடு பேசி ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறோம். அன்ரி வீட்டில் இருந்தால் சரி. 2020 ஒக்டோபரில் கொட்டாஞ்சேனையைத் தனிமைப்படுத்தல் ஊரடங்கில் மூடியபோது அறிவித்தல்கள் ஒலிபெருக்கியில் வீதி வீதியாகப் போயின. எல்லோர் வாயிலும் மாஸ்க், அதனால் உதட்டைப் பார்த்துப் பிடிக்கிற வழியும் போயிற்று. 2025 நவம்பரில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகியபோதும், கரையோரத்தில் இருந்த சிநேகிதர்களுக்காக அண்ணா இரவு முழுக்க வீடியோ கோலில் இருந்தார். யார் வெளியேற வேண்டும், எங்கே போவது என்பதைக் காது கேட்கிற உறவினர்களிடம் கேட்டுக் கேட்டு ஒருவருக்கொருவர் கையால் சொல்லிக்கொண்டார்கள். அண்ணாவின் ஆட்கள் தங்களுக்கென்று ஒரு எச்சரிக்கைச் சேவையைத் தாங்களே நடத்தினார்கள்.

அந்த வீடியோ கோலில்தான் வழியும் இருக்கிறது. பிரித்தானியாவில் 2022 ஜூனிலிருந்து 999 இலக்கத்துக்குச் சைகைமொழி வீடியோ சேவை இருக்கிறது. காது கேட்காதவர் கைப்பேசியில் கூப்பிட்டால் திரையில் உரைபெயர்ப்பாளர் வருவார், அவர் அவசர சேவையோடு குரலில் பேசுவார். எந்த நேரமும், இலவசமாக. இங்கே அதற்கு வேண்டிய பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. இமோவும் வட்ஸ்அப்பும் வந்த நாளிலிருந்து காது கேட்காதவர்களின் வாழ்க்கையே வீடியோவில்தான் ஓடுகிறது, டேட்டா கார்ட்டுக்கு அண்ணா செலவழிப்பதைப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் ஓர் உரைபெயர்ப்பாளரை நாளைக்கே இருத்த முடியாது என்று சொன்னால் ஏற்றுக்கொள்கிறேன், பயின்றவர்கள் அவ்வளவு பேர் இல்லை. ஆனால் கொழும்பில் ஓர் இடத்தில் சிங்களம் தெரிந்தவர்களும் தமிழ் தெரிந்தவர்களுமாகச் சிலரை முறை வைத்து இருத்தி, ஒவ்வொரு அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் ஒரு டேப்லெட்டை வைத்தால் அந்தச் சிலரே நாடு முழுவதற்கும் பதில் சொல்லலாம். டொக்டர் அண்ணாவைப் பார்த்துப் பேசலாம், அண்ணா திரையைப் பார்த்துப் பேசலாம், நான் வெளியே இருக்கலாம். உரைபெயர்ப்பாளராக ஓர் ஆண் வேண்டுமா பெண் வேண்டுமா என்றுகூட அண்ணா தெரிவு செய்யலாம்.

சைகையைக் குரலாக மாற்றும் கையுறை ஒன்றை மாணவர்கள் செய்திருக்கிறார்கள் என்று அடிக்கடி செய்தி வரும், எனக்கு நாலு பேர் அனுப்புவார்கள். செய்த பிள்ளைகளின் மனதை நான் மதிக்கிறேன். ஆனால் புருவத்தையும் உதட்டையும் தோளையும் அந்தக் கையுறை எப்படிப் பிடிக்கும்? பேச்சில் பாதி அங்கே இருக்கிறது. அதோடு, கையுறை போட வேண்டியவர் எப்போதும் அண்ணாதான். டொக்டர் சொல்வதை அது அண்ணாவுக்குச் சொல்லாது.

நியூசிலாந்து 2006இல் தன் சைகைமொழியை உத்தியோகபூர்வ மொழியாக்கியது. தென்னாபிரிக்கா 2023இல் அதைத் தன் பன்னிரண்டாவது மொழியாகச் சேர்த்துக்கொண்டது. இங்கேயும் சைகைமொழிச் சட்டம் பற்றி வருடக்கணக்காகப் பேச்சு நடக்கிறது. அது வர வேண்டும், வரும்போது தமிழைத் தெரிந்த உரைபெயர்ப்பாளர்களைப் பயிற்றுவது பற்றி ஒரு வரியாவது அதில் இருக்க வேண்டும். ஆனால் அதுவரை கை கட்டி இருக்கத் தேவையில்லை என்பதற்கு இங்கேயே ஒரு முன்மாதிரி உண்டு. பொதுக் கட்டடங்களுக்குள் மாற்றுத்திறனாளிகள் போகும்படி அமைக்க வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகள் வந்தன, ஆனால் கட்டுகிறவர்கள் அதைக் கவனிக்கவில்லை. சக்கர நாற்காலியில் இருந்த கலாநிதி அஜித் பெரேரா அதற்காக உயர் நீதிமன்றம் போனார். 2009இல் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. இன்றைக்குப் புதிய கட்டடங்களில் நாங்கள் பார்க்கும் சாய்தளங்களுக்குப் பின்னால் அந்த ஒரு மனிதரின் பிடிவாதம் இருக்கிறது. கட்டடத்துக்குள் போனபின் பேசுவதற்கு யாராவது அதே பிடிவாதத்தோடு நிற்க வேண்டும்.

அண்ணாவும் நானும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் தொடங்குகிறோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. எங்கள் பிரதேச செயலகத்திடம் அண்ணா கேட்கப் போகிறவை: சைகைமொழி தெரிந்த உத்தியோகத்தர் எத்தனை பேர், அவர்களில் தமிழ் தெரிந்தவர் எத்தனை பேர், உரைபெயர்ப்பாளரைக் கூப்பிட வேண்டி வந்தால் யாரைக் கூப்பிடுவார்கள், அதற்கு இந்த வருடம் பணம் ஒதுக்கியிருக்கிறதா. கேள்விகளை நான் தட்டச்சு செய்து தருகிறேன் என்றேன். அண்ணா வேண்டாம் என்றுவிட்டார். எழுத முடியாதவரோ, வாயால் கேட்க விரும்புகிறவரோ தகவல் உத்தியோகத்தரிடம் நேரே போய்க் கேட்கலாம், அதை எழுத்தில் பதிவது அந்த உத்தியோகத்தரின் கடமை என்று அந்தச் சட்டத்தின் 24ஆம் பிரிவில் இருக்கிறது. அண்ணாவின் வாய் அவருடைய கைதான். அதனால் அவர் சைகையில் கேட்கப் போகிறார், எழுதிக்கொள்வதற்கு ஆளைக் கண்டுபிடிப்பது அவர்கள் பாடு.

அடுத்த கிழமை போகிறோம். நான் கூடப் போவேன், மொழிபெயர்க்க மாட்டேன். சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் தகவலைத் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் சைகையில் பேசுகிற யாராவது இருந்து, உங்கள் பிரதேச செயலகத்தில் இதே கேள்விகளைக் கேட்க விரும்பினால் எனக்கு எழுதுங்கள். அண்ணா அந்தக் கேள்விகளைச் சைகையில் சொல்லி வீடியோவாக எடுத்து வைத்திருக்கிறார், அனுப்பி வைக்கிறேன்.